ஃபீஸ் கட்டினால் மட்டும் போதாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் கூலி வேலை செய்யும் குடும்பங்களில் இரண்டு கணக்குகள் ஓடும். கல்லூரிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒன்று. படிக்கப் போகாமல் பிள்ளை வேலைக்குப் போனால் மாதம் எவ்வளவு கொண்டுவரும் என்பது இன்னொன்று. முதல் கணக்குக்கு வங்கிக் கடன், உதவித்தொகை, அரசு ஒதுக்கீடு என்று ஏதோ ஒரு வழி கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கணக்கை வீட்டார் வெளியில் சொல்வதில்லை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் ஜவுளிக்கடைக்கும் மில்லுக்கும் போய்ச் சேர்வது இந்த இரண்டாவது கணக்கால்தான்.

அதைப் புரிந்துகொண்டு இறங்கிய நிறுவனங்களில் முன்னோடி, மென்பொருள் நிறுவனமான ஸோஹோ. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐஐடியில் படித்து, பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனால் தன் நிறுவனத்தில் சேர்ந்தவர்களைக் கவனித்தபோது, அவர்கள் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் வேலையில் காட்டிய திறமைக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் பள்ளிப் படிப்போடு நிற்கும் பிள்ளைகளுக்கே நேரடியாகக் கற்றுக்கொடுத்தால் என்ன? 2004-05 வாக்கில் ஆறே மாணவர்களோடு அந்த முயற்சி சென்னையில் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஸோஹோ ஸ்கூல்ஸ். தென்காசி பக்கத்திலும் நடக்கிறது.

பயிற்சி இரண்டு வருடம். கட்டணம் கிடையாது. மாறாக, மாணவருக்கு மாதம் 10,000 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள். வீட்டின் இரண்டாவது கணக்குக்கு இதுதான் விடை. பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்ப்பதில்லை, தனியாகத் தேர்வும் நேர்காணலும் வைக்கிறார்கள். முதலில் புரோகிராமிங், கணிதம், ஆங்கிலம் என்று வகுப்புகள். பிறகு அனுபவசாலிகள் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுவனத்தின் நிஜ மென்பொருளிலேயே வேலை பழக வேண்டும். இப்படிப் படித்து அங்கேயே பொறியாளர்களாகச் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பயிற்சி முடிவில் பல்கலைக்கழகப் பட்டம் வராது. ஸோஹோவுக்குள் அது தடையில்லை. வெளியே போய் அரசு வேலைக்கோ வங்கித் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும் நாளில் பட்டம் கேட்பார்கள். ஏழைக் குடும்பத்துக்குப் பட்டம் என்பது கடைசிப் பாதுகாப்பு. அதைப் பிறகு அஞ்சல் வழியிலாவது முடிக்கும் யோசனை முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

எச்சிஎல் நிறுவனத்தின் டெக் பீ திட்டம் இந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே பிட்ஸ் பிலானி, சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமும் படிக்கலாம். இதற்குப் பயிற்சிக் கட்டணம் உண்டு என்பதுதான் சிக்கல். தகுதியுள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தமிழக அரசின் தாட்கோ கழகம் ஏற்றிருக்கிறது. நிறுவனம் பாதி தூரம் வந்தது, மீதியை அரசு கடந்தது.

அமெரிக்காவில் ஐபிஎம் பிள்ளைகளை இன்னும் இளம் வயதிலேயே சேர்க்கத் தொடங்கியது. 2011இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நகரக் கல்வித் துறையோடும் நகரப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து பி-டெக் என்ற பள்ளியைத் திறந்தது. நுழைவுத் தேர்வு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை, ஆறு வருடத்துக்குள் பள்ளிச் சான்றிதழோடு தொழில்நுட்பத்தில் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் செலவில்லாமல் பெறலாம். ஐபிஎம் ஊழியர்கள் வழிகாட்டிகளாக இருந்தார்கள். அதிபராக இருந்த ஒபாமா 2013இல் அந்தப் பள்ளிக்கே நேரில் போனார். பதினான்கு வயதில் கைபிடித்தால்தான் பதினெட்டு வயதில் பிள்ளை தயாராக நிற்கும் என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிகளுக்கான பணத்துக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக்குக் கணினி கொடுத்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது சுலபம். ஒரு மாணவியோடு நான்கு வருடம் கூடவே வருவது கடினம். இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 2023இல் அறிவித்த ஸ்டெம் ஸ்டார்ஸ் உதவித்தொகை இரண்டாவது வகை. அறிவியல், பொறியியல், மருத்துவம் படிக்கும் வசதியற்ற பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கல்விக் கட்டணத்தோடு தங்கும் செலவும் அதில் அடக்கம். நிறுவனங்கள் தொடர வேண்டிய பாதை இதுதான்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பரீட்சைக்கு முன்பே இந்தத் திட்டங்களை விசாரித்து வையுங்கள். சேரும் முன் தயங்காமல் கேளுங்கள்: படிக்கும்போது மாதம் கையில் என்ன வரும், பாண்டு எழுதித் தர வேண்டுமா, பாதியில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா, பட்டம் யார் தருவார்கள்? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர் என்றால், தமிழகப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்தப் பொறியியல் கலந்தாய்வுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.