பெரிய டயரும் வேகமானியின் கணக்கும்

மலைச்சாலைகளிலும் கரடுமுரடான கிராமப் பாதைகளிலும் பயணம் செய்வோர், தம் ஜீப் வகை வண்டிகளுக்குப் பெரிய டயர்களைப் பொருத்துவதை நாடெங்கும் காண்கிறோம். வண்டி உயர்ந்து நிற்கிறது, பள்ளங்களை எளிதில் கடக்கிறது, தோற்றமும் கம்பீரமாகிறது. ஆனால், டயர் மாறிய அன்றே வேகமானியின் கணக்கும் மாறிவிடுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

வேகமானி வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரமோ, கியர் பெட்டியிலுள்ள தண்டோ எத்தனை முறை சுழல்கிறது என்பதையே அது எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தயாரிப்பாளர் முன்னரே நிர்ணயித்திருப்பார். அந்த அளவைக் கொண்டே சுழற்சி வேகமாகக் கணக்கிடப்படுகிறது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் செல்லும். கருவியோ பழைய அளவிலேயே நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 எனப் பொறிக்கப்பட்டிருந்தால், 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இக்கணக்கின்படி டயரின் மொத்த விட்டம் 703.5 மி.மீ. அதே ரிம்மில் 235/75 டயரைப் பொருத்தினால் விட்டம் 733.5 மி.மீ. ஆகும். கூடியது 3 செ.மீ. மட்டுமே, ஆயினும் அது ஏறத்தாழ 4.3 விழுக்காடு. முன்பு சரியாகக் காட்டிய கருவி, இப்போது 80 எனக் காட்டும்போது வண்டி 83.4 கி.மீ. வேகத்தில் செல்லும், 100 எனக் காட்டும்போது 104.3 கி.மீ. வேகத்தில் செல்லும்.

பொதுவாகத் தயாரிப்பாளர்கள் வேகமானி சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைக்கின்றனர். உண்மை வேகத்தைவிடக் குறைவாக அது ஒருபோதும் காட்டலாகாது என்பது ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறையின் அடிப்படை. நம் பாதுகாப்புக்காக விடப்பட்ட அந்த இடைவெளியைப் பெரிய டயர் குறைத்துவிடுகிறது; சில வண்டிகளில் முற்றிலும் அழித்துவிடுகிறது. வேகக் கண்காணிப்புக் கேமரா நம் வேகமானியைப் பார்ப்பதில்லை. மலைப்பாதையின் வளைவும் பார்ப்பதில்லை.

ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் இவ்வாறே பிழைபடும். 10,000 கி.மீ. எனக் காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 10,430 கி.மீ. ஓடியிருக்கும். பராமரிப்பு அந்த அளவுக்குத் தாமதமாகும். லிட்டருக்கு 14 கி.மீ. எனத் தோன்றும் எரிபொருள் கணக்கும் உண்மையில் 14.6 ஆக இருக்கலாம்.

திருத்துவதற்கு முன் பிழையை அளந்தறிய வேண்டும். போக்குவரத்து குறைந்த, நேரான, சமதளச் சாலையில் வேகமானியில் 60 எனக் காட்டும்படி சீராக ஓட்டுங்கள். அருகில் அமர்ந்திருப்பவர் கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளட்டும். கிலோமீட்டர் கற்களைக் கொண்டும் சோதிக்கலாம். உண்மை வேகம் 60 எனில் 5 கி.மீ. கடக்கச் சரியாக 5 நிமிடம் ஆகும். 4 நிமிடம் 48 விநாடியில் கடந்தால் வேகமானி 4 விழுக்காட்டுக்கும் சற்றே மேல் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

கேபிளால் இயங்கும் பழைய வேகமானிகளில், கேபிளைச் சுழற்றும் சிறிய பற்சக்கரத்தை மாற்றுவதே வழி. நம் எடுத்துக்காட்டில் 24 பற்கள் உள்ள சக்கரத்துக்குப் பதிலாக 23 பற்கள் உள்ளதைப் பொருத்தினால் பிழை பெரும்பாலும் நீங்கும். மின்னணு வேகமானிகளில், வண்டியின் கணினி அதற்கு இடமளித்தால், புதிய டயரின் சுற்றளவை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பதிவுசெய்யலாம். சென்சாரின் மின்துடிப்பைத் திருத்தி அனுப்பும் துணைக்கருவிகளும் உண்டு. இவை இனி ஓடும் தூரத்தையே சரிசெய்யும்; ஓடோமீட்டரில் ஏற்கெனவே பதிவான எண்ணை மாற்றுவது திருத்தமன்று, மோசடி.

இவற்றுக்கெல்லாம் முன்னர் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த டயர் நம் வண்டிக்கு அனுமதிக்கப்பட்டதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, வண்டியின் கையேட்டிலும் கதவோர ஒட்டுச்சீட்டிலும் குறிக்கப்பட்டுள்ள டயர் அளவுகளை முதலில் பாருங்கள்.

கடனில் வாங்கிய வண்டி, கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடாக நிற்கும் சொத்து. எனவே கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவிப்பதும் அவசியம். விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும் வேளையில், சொல்லாமல் விட்ட மாற்றம் தடையாக வந்து நிற்கக்கூடும். டயர் வாங்கும் முன்பே இவற்றை விசாரித்து அறிந்தால், பணமும் பாதுகாப்பும் ஒருங்கே நம் வசம் இருக்கும்.