டிரான்ஸ்ஃபர் இல்லாத உத்தியோகம்

மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது கீழவளவு. பஞ்சபாண்டவர் மலை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் குன்றில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருப்பதால் வெளியூர் ஆட்கள் வருவதுண்டு. வருகிறவர்கள் குன்றைப் பார்த்த கையோடு அக்கம்பக்கத்துக் குவாரிக் குழிகளையும் எட்டிப் பார்க்கிறார்கள். சுவர் வைத்தாற்போல நேராக அறுத்தெடுத்த பள்ளங்கள், அடியில் பச்சைத் தண்ணீர். பார்த்த மாத்திரத்தில் ‘எம்புட்டுக் கல்லை அள்ளியிருக்காங்க’ என்றுதான் வாயில் வரும். ஆனால் உரிமம் வாங்கி அள்ளியது எவ்வளவு, வாங்காமல் அள்ளியது எவ்வளவு என்று குழி சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

குத்தகை எந்த சர்வே எண்ணுக்குக் கொடுக்கப்பட்டது என்கிற ஆணை வேண்டும். அந்த எண்ணின் நான்கு எல்லைகளையும் காட்டும் புலப்படம் வேண்டும். பக்கத்து எண் பட்டாவா, புறம்போக்கா, கண்மாயா, வாய்க்காலா என்று சொல்லும் ஏ-ரிஜிஸ்டர் வேண்டும். லாரியோடு போன நடைச்சீட்டுகள், அரசுக்குக் கட்டிய சீனியரேஜ் தொகை, துறைமுகத்தில் ஏறிய கல்லின் கணக்கு என ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் தூங்கும். இவற்றையெல்லாம் ஒரே மேசையில் பரப்பி, தரையில் இருக்கும் குழியின் நீள அகல ஆழத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் திருட்டு வெளியே வரும். பட்டா நிலத்துக்கு வாங்கிய உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் புறம்போக்குக்குள் நகர்வதுதான் இந்த வட்டாரத்துக் குவாரிகள் மீது எழுந்த குற்றச்சாட்டின் அடிப்படை. அளந்த பிறகும் சண்டை ஓயாது. தோண்டியதில் பெரும்பகுதி கழிவு, விற்கத்தக்க கல் கொஞ்சம்தான் என்பார் குவாரிக்காரர். கழிவுக்கு எத்தனை சதவீதம் விடுவது என்ற ஒரே கேள்வியில் கோடிகள் மேலே போகும், கீழே இறங்கும்.

இந்த மேசை வேலையை மதுரையில் பலர் செய்கிறார்கள். அவர்களுக்குப் பதவிப் பெயர் கிடையாது. ஆராய்ச்சியாளர் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவர் உண்டு, தகவல் உரிமை ஆர்வலர் என்று பத்திரிகை எழுதுவதை ஏற்றுக்கொள்கிறவர் உண்டு. ஊரில் ‘பெட்டிஷன் போடுறவரு’ என்பார்கள். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், நிர்வாகம் எப்படி நடக்கிறது, பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். இவர்களைப் பற்றி எழுதப்போனால், அரசுக்குள் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2012 மே மாதம், அப்போதைய மதுரை ஆட்சியர் உ.சகாயம் கிரானைட் முறைகேடு பற்றி அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். இழப்பு 16,338 கோடி ரூபாய் என்றது அது. 2009-ல் நாமக்கல் ஆட்சியராக இருந்தபோது தன் வங்கி இருப்பு 7,172 ரூபாய், மதுரையில் 9 லட்சம் மதிப்பில் ஒரு வீடு என்று சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் போட்டவர் அவர். கடிதம் போன சில நாட்களில் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். கடிதம் பத்திரிகைகளில் கசிந்த பிறகே ஊருக்கு விஷயம் தெரிந்தது. அடுத்து வந்த அன்சுல் மிஸ்ரா 2012 ஆகஸ்டில் குழுக்களை இறக்கிக் குவாரிகளை அளந்தார். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆளில்லா விமானம்கூட இந்த வேலைக்கு வந்தது. மறு ஆண்டே அவரும் மாற்றப்பட்டார்.

டிராஃபிக் ராமசாமி தொடுத்த பொதுநல வழக்கில், 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அங்கேயும் எடுபடவில்லை. அந்த டிசம்பரில் மதுரையில் விசாரணை தொடங்கியது. 2015 செப்டம்பரில் சின்னமலம்பட்டி சுடுகாட்டில், குவாரிகள் தொடர்பான நரபலிப் புகாரை விசாரிக்கத் தோண்ட வேண்டிய இடத்தில் தடயம் கலைந்துவிடக் கூடாது என்று இரவு முழுக்க அவர் கட்டிலில் படுத்துக்கிடந்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவரிடம் பட்டாவையும் பழைய ரசீதுகளையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த விவசாயிகள்தான். கண்மாய் எங்கே இருந்தது, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று அவர்கள் சொல்லியிருக்காவிட்டால், புலப்படத்தில் கோடு இருந்தும் தரையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். 2015 நவம்பர் 23 அன்று அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. அதில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது.

2016 மார்ச்சில் மேலூர் நடுவர் மன்றம் இரண்டு வழக்குகளில் குவாரி அதிபரை விடுவித்ததோடு நிற்காமல், வழக்குப் போட்ட முன்னாள் ஆட்சியர் மீதே நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. நடுவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சகாயம் 2021-ல் விருப்ப ஓய்வில் போய்விட்டார்.

இடமாற்றம் பற்றி ராபர்ட் வேட் என்கிற ஆய்வாளர் 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத் துறையில் ஊழல் எப்படி ஓடுகிறது என்பது பொருள். பொறியாளர் நல்ல இடத்துக்குப் பணம் கொடுத்து வருகிறார், கொடுத்ததை விவசாயியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் எடுக்கிறார், எடுத்ததில் ஒரு பங்கு மேலே போகிறது, போகாவிட்டால் மாறுதல் ஆணை வருகிறது. லஞ்சத்தைத் தனி மனிதப் பேராசையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அது இடமாற்றம் என்கிற சக்கரத்தில் சுழலும் ஏற்பாடு என்று காட்டியது அந்தக் கட்டுரை. பெரியாறு பாசனத்தில் மடைத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த எந்த விவசாயியும் இதைப் படித்தால், ‘இதுக்கு சீமையிலருந்து ஒருத்தர் வரணுமா’ என்றுதான் கேட்பார். ஆனாலும் ஊரறிந்த சங்கதியை யார், யாருக்கு, எதற்காக என்று வரிசைப்படுத்தி எழுதிவைப்பது வேறு வேலை.

சுயேச்சை ஆய்வாளரின் பலமும் இங்கேதான் இருக்கிறது. அவரை யாரும் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்ற முடியாது. ஆட்சியர் மூன்று பேர் மாறிய பிறகும் அதே கோப்பின் நகல் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும்.

அவருடைய முதல் கருவி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. தகவல் பெறும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்தது. விதிவிலக்குகள் நிறைந்திருந்த அந்தச் சட்டத்தால் பெரிதாகப் பயன் இல்லை. 2005-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் மனு எழுதுவது ஒரு கைத்திறனாகவே வளர்ந்தது. புதிதாக வருகிறவர் ‘ஏன் இந்தச் சாலை இவ்வளவு மோசமாக இருக்கிறது’ என்று கேட்டு, ‘கேள்வி தகவல் வரையறைக்குள் வராது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவார். பழகியவர் ஏன் என்று கேட்கவே மாட்டார். இன்ன பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில், கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்பார். பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பையே நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம். அந்த ஒரு மணி நேரத்தில் பக்க எண்கள் விட்டுப்போயிருக்கின்றனவா, பின்தேதியிட்டுச் சொருகிய தாளின் நிறம் வேறாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் தொழில் தெரிந்தவர்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறையை 2008-ல் ஓர் அரசாணை மூலம் தகவல் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். லஞ்சத்தை ஒழிக்கிற அலுவலகத்திடம் தகவல் கேட்பதுதான் மற்ற அலுவலகங்களிடம் கேட்பதைவிடக் கடினம். ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலை விலக்கில் சேர்க்க முடியாது என்று சட்டமே சொல்வதைக் காட்டி வாதாட வேண்டியிருக்கிறது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(j) பிரிவையும் திருத்துகிறது. தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகத்தை அது எடுத்துவிடுகிறது. பயனாளிப் பட்டியலும் ஒப்பந்தக்காரர் பெயரும் நாளை தனிநபர் தகவல் ஆகிவிடுமோ என்கிற கவலை இந்த வட்டாரத்தில் பலருக்கு இருக்கிறது.

எல்லாவற்றையும் கோப்பில் எதிர்பார்க்க முடியாது. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் நாடு முழுக்க ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் வாங்கியது. காலைச் செய்தித்தாளுக்குள் வைத்து, வீட்டுக்கு வீடு கவரில் பணம் போன கதையை அதே ஆண்டு மே மாதம் ஓர் அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி பலரிடம் பேசி எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பினார். 2011 மார்ச்சில் அது விக்கிலீக்ஸ் வழியாக ‘தி இந்து’வில் வெளியானது. திருமங்கலத்து டீக்கடையில் எல்லோரும் பேசியதுதான், இரண்டு வருடம் கழித்து உலகத்துக்குச் செய்தியானது. உள்ளூர் ஆய்வாளர் யாராவது அன்றைக்கே உட்கார்ந்து முறையாக எழுதியிருந்தால் அச்சிட எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான். கிரானைட் பற்றித் தொடர்ந்து எழுதிய மதுரை நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் 2010-ல் பணம் பறிக்க முயன்றதாகப் போடப்பட்ட வழக்கில் கைதானதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

அரிட்டாபட்டி விவகாரத்தில் இந்த வேலையின் இன்னொரு முகம் தெரிந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, சுமார் 2,015 ஹெக்டேர், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலம் போனது. கிராமங்கள் கொதித்தன. சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை கூட்டம் நடந்தே வந்தது. அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இடையில் நடந்த கடிதச் சண்டைதான் இங்கே முக்கியம். மாநில அரசு எதிர்ப்புச் சொல்லவேயில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபர் 3 தேதியிட்ட கடிதத்தைக் காட்டியது மாநில அரசு. அதற்கு நவம்பர் 2 அன்று பதில் வந்திருந்தது. ஏலம் அறிவித்த பின் எழுதிய கடிதம் எது, எழுதாமல் விட்டது எது என்று இரண்டு தரப்பும் தங்களுக்குத் தோதான தேதியை மட்டும் படித்துக் காட்டின. முழு வரிசையையும் கோத்து ஊர்க் கூட்டத்தில் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் ஏதாவது ஒரு கட்சிக்காரராக இருந்தால் சபை நம்பாது.

கட்சிக்காரராக இல்லாதவருக்குச் சோறு யார் போடுவது? பொதுநல வழக்குப் போடும் வக்கீலுக்கு ஆவணம் தேடிக் கொடுத்தால் கொஞ்சம் வரும். பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்குக் கேள்வித்தாள் நிரப்பினால் வரும். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வில் நாள் கணக்கில் கூலி நன்றாகவே வரும், ஆனால் கேள்வியை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். உள்ளாட்சி நிர்வாகத்தில் பெண்களின் பங்கு பற்றி எழுதச் சொல்வார்கள். அதே ஊராட்சியில் மணல் ஏற்றும் டிராக்டர் யாருடையது என்று எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆகவே மாதத்தில் பாதி நாள் காசுக்கும் மீதி நாள் தன் கேள்விக்கும் உழைக்கிற ஏற்பாட்டில்தான் இந்தப் பிழைப்பு ஓடுகிறது. இதில் கெட்டுப்போனவர்களும் உண்டு. கையில் கிடைத்த நகலைக் காட்டி ஒப்பந்தக்காரரிடம் கை நீட்டுகிறவர்கள் இருப்பதால்தான், நேர்மையானவர் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க’ என்ற பார்வை கிடைக்கிறது.

பயம் இதைவிடப் பெரிது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில், சட்டவிரோதக் குவாரிகள் பற்றி மனு மேல் மனு கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வழக்கில் குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். மாற்றல் ஆணை செல்லாத ஆளுக்கு அவர்கள் வைத்திருக்கும் வழி அது. அரசு ஊழியருக்கு ஒரு துறையாவது பின்னால் நிற்கும். இவர்களுக்கு மனுவில் எழுதிய வீட்டு முகவரி மட்டுமே உண்டு, அதுவும் எதிராளி கைக்கு எளிதில் போய்விடும்.

2025-ல் மதுரை மாநகராட்சியில் வெடித்த சொத்துவரி விவகாரத்தை இவ்வளவுக்கும் பிறகு நினைத்துப் பார்க்கிறேன். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி வணிகக் கட்டடங்களின் வரியைக் குறைத்ததாகப் புகார். கைதுகள் நடந்தன, ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். ஒரு பெரிய கடையின் கதவு எண்ணை எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டு வரிக் கேட்பையும் இந்த ஆண்டு கேட்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் வித்தியாசம் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். அதைச் செய்யச் சொல்லி யாருக்கும் யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இந்த அரையாண்டின் கேட்புப் பதிவேடு அறிஞர் அண்ணா மாளிகையில் இருக்கிறது. நூறு வார்டுகள், வார்டுக்கு ஒரு மனு போட்டாலும் ஸ்டாம்புச் செலவு 1,000 ரூபாய்தான்.