சுவரேறும் ஈரம்

வன்னிப் பெருநிலத்து வீடுகளுக்கு நிலவறை இல்லை. ஆயினும் நிலத்தடி ஈரத்தின் தொல்லை அவற்றை விட்டபாடில்லை. மாரியில் குளமும் வயலும் நிறைந்தபின், தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை சுவர் கறுத்து, பூச்சு உப்புப் பூத்து உதிரும். இதனைக் கூரையொழுக்கென்றே பலர் கருதுவர். ஒழுக்கு மேலிருந்து இறங்குவது. இக்கறையோ கீழிருந்து ஏறுவது.

திரியில் எண்ணெய் ஏறுமாறுபோலக் கல்லிலும் சாந்திலுமுள்ள மயிர்த்துளைகள் வழியே நிலநீர் ஏறுகின்றது. நீர் ஆவியாக, உடன்வந்த உப்பு பளிங்காகிப் பூச்சைப் பிளக்கின்றது. அதன்மேற் சீமெந்தை அழுத்திப் பூசுதல் நோயை மூடிவைப்பதேயன்றி மருந்தன்று. வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் உயர ஏறும். சுண்ணாம்புச் சாந்தோ சுவரை உலரவிடும்.

முன்னோர் விதைநெல்லை நிலத்திற் படவிடாது, உயர்த்திய கொம்பறையில் இட்டனர். நீரின் வழியைத் துண்டிக்கும் அந்நெறியே அத்திவாரத்துக்கும் உரியது. 2009 இன் பின்னர் வன்னியிற் பல்லாயிரம் வீடுகள் சீமெந்துக் கல்லால் எழுந்தன. இத்தகைய சுவர்களில், நிலமட்டத்துக்கு ஆறங்குலமேனும் மேலாக, சுவரின் முழு அகலத்துக்கும் தாரோ தடித்த பொலித்தீனோ இடுதல் வேண்டும். கட்டும்போது இதற்காகும் செலவு சிறிது. பின்னர் செய்வதாயின் சுவரையே அறுக்கவேண்டும். முற்றத்து மண்ணை அப்படைக்கு மேலாகக் குவித்தாலோ, ஈரம் அதனைக் கடந்து ஏறிவிடும். பூம்பாத்தி கட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வெள்ளம் வேறு. 2018 மார்கழியிற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிகழ்ந்ததுபோல் நீர் வீட்டினுள் புகுந்துவிட்டால் எப்படையும் காவாது. அவ்வேளை சுவர் நன்கு உலரும்வரை பூச்சு வேலையைத் தொடங்கலாகாது. நெல்மூடைகளையும் சுவரினின்று ஒரு சாணேனும் விலக்கிப் பலகைமேல் அடுக்குதல் வேண்டும். ஈரம்பட்ட விதைநெல் முளைதிறன் இழக்கும்.