பொம்மை ஏன் உடையுது? விளாச்சேரி மண் சொல்லும் பாடம்

மதுரை திருப்பரங்குன்றம் அருகே உள்ள விளாச்சேரி, கொலு பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். நவராத்திரி நெருங்கும்போது ஒரு களிமண் பொம்மை சூளையில் வெடித்தால், பல நாள் உழைப்பு போச்சு. ஆனால், எப்படி உடைந்தது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

சில்லு சில்லாகச் சிதறியதா? உள்ளே ஈரம் மிச்சம் இருந்திருக்கிறது. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி வெடிக்கும். காயும்போதே விரிசலா? ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிட்டது. நிழலில் மெதுவாகக் காய வைக்கணும். கை, கழுத்து ஒட்டிய இடத்தில் விட்டுப்போச்சா? உடல் காய்ந்த பிறகு ஈரமான கையை ஒட்டியதுதான் தப்பு. ரெண்டும் ஒரே பதத்தில் இருக்கணும்.

வீட்டில் களிமண் மாடல் செய்து பழகுபவர்கள், உடைந்ததைத் தூக்கிப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்து, எத்தனை நாள் காய்ந்தது என்று குறிச்சு வைங்க. அடுத்த முறை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பாருங்க. எது தப்புன்னு அப்போதுதான் பிடிபடும்.