கண் நிற்கும் இடம்

மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தமிழ்ப்பள்ளி மாணவன் மலாய்ப் பாடத்தைக் கடகடவென வாசித்துவிட்டுத் தமிழில் தடுமாறினால், அவனுக்குத் தமிழ் வரவில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவன் கண் வேறு கதை சொல்லும். வாசிக்கும் கண் வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை, தத்தித் தத்திப் போகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் கண் மருத்துவர் எமீல் ஜவால் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. தாவும்போது கண்ணுக்கு எழுத்து பிடிபடாது. ஏறத்தாழ கால் நொடி நிற்கும்போதுதான் வாசிப்பு நடக்கிறது. சொல் நீண்டால் அதிலேயே இரண்டு மூன்று முறை நிற்கும். 'போகாதவர்களுக்கும்' என்ற நம் ஒற்றைச் சொல்லுக்கு மலாயில் ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று இரண்டையும் ஒப்பிடுவது, பலாவையும் ரம்புத்தானையும் எண்ணிக்கையில் விற்பது போலத்தான்.

அப்படியானால் தமிழ் பிள்ளைக்குச் சுமைதானே என்று கேட்கலாம். இல்லை, நின்ற இடத்தில் கண் அள்ளும் பொருளும் அதிகம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் திணறுகிறதே என்றால், அதற்கும் கண்ணசைவு ஆய்வுகளில் விடை உண்டு: அடிக்கடி பார்த்த சொல்லில் கண் குறைவாகவே நிற்கும். காதுக்குப் பழகிய சொல் கண்ணுக்கும் பழகியிருக்க வேண்டுமல்லவா? கடைப்பலகை முதல் பேருந்து வரை மலாயே அதிகம் கண்ணில் படும் மலாக்காவில், தமிழ் எழுத்து பெரும்பாலும் பாடநூலோடு நின்றுவிடுகிறது. ஒன்று மட்டும் உண்மை: கண் பக்கத்தில் இருக்க, மனம் பந்துத் திடலில் இருக்கலாம். அதைக் கண்ணசைவைப் பதியும் கருவி முழுதாகக் காட்டாது. ஆசிரியர் கேட்கும் ஒரு கேள்வி காட்டிவிடும்.