‘அங்கிள்’ என்றால் அபராதம்!

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. “சைக்கிள் சாருங்களைப் பார்க்கணும்” என்றதுமே வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார். வாங்க, கார் பார்க்கிங்குக்குப் போவோம். காலைப் பார்த்து வையுங்க, கீழே முழுக்க டியூப்பும் பம்ப்பும் எண்ணெய்த் துணியும்தான்!

அஞ்சு சைக்கிள்கள் தலைகீழாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி அஞ்சு பேர் குந்தியிருக்கிறார்கள். எல்லோரும் நாற்பத்தஞ்சைத் தாண்டியவர்கள். ஒரு வங்கி மேலாளர், ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர், மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். பத்தாம் வகுப்போடு சைக்கிளை விட்டவர்கள், அடுத்த மாதம் 200 கிலோமீட்டர் ப்ரெவே ஓட்டப் போகிறார்கள். ப்ரெவே என்பது பந்தயம் இல்லை. முதல் பரிசும் கிடையாது, கடைசி இடமும் கிடையாது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும்.

பஞ்சர் வகுப்பு நடக்கிறது. வாத்தியார், சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் இளைஞர். கோடிக்கணக்கில் கடன் பாஸ் பண்ணிய மேலாளரின் கை, டயரை ரிம்மிலிருந்து கழற்ற முடியாமல் நடுங்குகிறது. ஒருவழியாகக் கழற்றியவர், புது டியூப்பை உடனே திணிக்கப் பார்க்கிறார். “இருங்க! முதல்ல டயர் உள்ளே விரலை மெதுவா ஓட்டுங்க.” ஓட்டினால், தலைமுடி கனத்தில் ஒரு கம்பி தட்டுப்படுகிறது. லாரி டயர் வெடித்துச் சாலையில் சிதறும் கம்பியாம். அதை எடுக்காமல் எத்தனை டியூப் மாற்றினாலும் அத்தனையும் பஞ்சர்தான். “சூப்பர் அங்கிள்!” என்று பையன் வாய்தவறிச் சொல்ல, கூட்டமே “ஃபைன்! ஃபைன்!” என்று கத்துகிறது. அங்கிள், ஆன்ட்டி என்று யார் சொன்னாலும் ஆளுக்கொரு டீ வாங்கித் தர வேண்டும். பையனின் கணக்கு ஏற்கெனவே எகிறிக் கிடக்கிறது.

அடுத்தது உடை விவகாரம். குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். பேடு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது! தையல் உரசி உரசி, திரும்பி வருவதற்குள் தோல் பிய்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பையன் கூரையைப் பார்க்கிறான், மளிகைக்கடைத் தம்பி தரையைப் பார்க்கிறார், டீச்சர் மட்டும் அசராமல், “சரி, வாஸ்லைன் எவ்வளவு தடவணும்?” என்கிறார். உண்மையைச் சொல்லட்டுமா? இத்தனை வாரப் பயிற்சியும் தொடைக்கு இல்லை, உட்காரும் இடத்துக்குத்தான்.

மறுநாள் விடிகாலை நாலரை. இட்லியும் வாழைப்பழமும் உள்ளே போயாச்சு. மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். என் ஸ்கூட்டரில் பையை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், ஒரே குரலில் மறுப்பு. “ப்ரெவே அன்னிக்கு வழியில யாரும் தூக்கிட்டு வரக் கூடாது சார், ரூல்ஸ்.” சிவப்பு விளக்குகள் கண்சிமிட்ட, இருட்டில் கிளம்புகிறது படை.

இவர்கள் வேகத்தை அளக்கும் முறை ரொம்பப் பிடித்துப்போனது. வாய்விட்டுப் பேச முடிந்தால் சரியான வேகம். பேச்சு நின்றால் மிதியைக் குறைக்கணும். அதனால் உத்தண்டி வரை ஒரே வம்பு! மகனின் ப்ளஸ் டூ மார்க், பி.பி. மாத்திரை, மாமியாரின் முழங்கால், எல்லாம் காதில் விழுகிறது. முட்டுக்காடு பாலத்தில் காற்று முகத்தில் அறைந்ததும் கப்சிப். டீச்சர் கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து, “ஒண்ணு... ரெண்டு...” என்று விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே மிதிக்கிறார்.

கோவளம் தாண்டியதும் பல் டாக்டரின் முதுகுப் பாக்கெட்டிலிருந்து கடலை மிட்டாய் வெளியே வந்தது.

“டாக்டர், நீங்களே பல்லுல ஒட்டுறதைத் தின்னலாமா?”

“இன்னிக்கு லீவு சார். இப்ப நான் பேஷன்ட்!”

பசி வந்தபின் சாப்பிட்டால் தாமதம், தாகம் வரும்வரை தண்ணீரைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இவர்களின் வேதம்.

மாமல்லபுரம் டீக்கடை. ப்ரெவேயில் வழியில் உள்ள சாவடிகளில் அட்டையில் முத்திரையும் நேரமும் வாங்க வேண்டும். ஒத்திகைக்கு டீச்சர் பள்ளி ரேங்க் கார்டு அட்டையில் கட்டம் போட்டு எடுத்து வந்திருக்கிறார். டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற தோரணையில் கையெழுத்துப் போடுகிறார். இந்த விளையாட்டின் உச்சம், 1891-இல் தொடங்கிய பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ். நாலு வருஷத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். அதைக் கேட்ட மளிகைக்கடை அண்ணன் இன்னொரு வடை சொன்னார்.

திரும்பும் வழியில்தான் மேக்கப் கலைகிறது. வெயில் ஏற ஏற, கறுப்பு ஜெர்சியில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோலம். மேலாளருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, தம்பி ரோட்டோரம் உட்கார்ந்து நீவி விடுகிறார். அண்ணனுக்குப் போன் மேல் போன்: “கடையை யார் திறக்கிறது?” போய்ச் சேர்ந்தபோது டீச்சரால் வாசல் படி ஏற முடியவில்லை. பக்கவாட்டில், நண்டு நடை. ஆனாலும் முதல் கேள்வி, “அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?”

இவர்கள் முடிப்பார்கள் என்பது என் கணிப்பு. 200 கிலோமீட்டருக்கு, நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். அது இவர்களால் ஆகும். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போனால், முன்னால் சிவப்பு விளக்கு மினுங்குவதைப் பார்த்ததும் ஹை பீமைக் குறைத்து, ஹார்ன் அடிக்காமல், தாராளமாக இடம் விட்டுத் தாண்டுங்கள்.