நீதிபதியா? தந்தையா?

கடவுள் நீதி உள்ளவர். குற்றம் செய்தவனைத் தண்டிப்பார்.

கடவுள் அன்பு உள்ளவர். குற்றம் செய்தவனை மன்னிப்பார்.

இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

இந்தக் கேள்வி ஒரு வாலிபரைத் தூங்கவிடாமல் வாட்டியது. அவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் லூதர்.

இடியும் மின்னலும்

மகனை வக்கீலாக்கிப் பார்க்கத் தகப்பனாருக்கு ஆசை. மகனும் சட்டம் படிக்கத் தொடங்கினார்.

1505-ம் ஆண்டு ஜூலை மாதம். லூதர் வழியில் வந்துகொண்டிருந்தபோது பயங்கர இடி, மின்னல்! பிழைத்தால் துறவி ஆவதாகப் புனித அன்னம்மாளிடம் வேண்டிக்கொண்டார். பதினைந்தே நாளில் மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 21.

தீராத பயம்

விரதம் இருந்தார். கண்விழித்து ஜெபம் செய்தார். மணிக்கணக்கில் பாவங்களை அறிக்கையிட்டார். ஆனாலும் பயம் போகவில்லை. "கடவுளின் நீதி" என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

1512-ல் விட்டன்பர்க் நகரில் வேதாகமப் பேராசிரியர் ஆனார். ரோமர்களுக்குப் பவுல் எழுதிய நிருபத்தை இரவும் பகலும் ஆராய்ந்தார். முடிவில் உண்மை விளங்கிற்று.

கடவுளின் நீதி, மனிதனை அழிப்பதற்கு அல்ல. இயேசுவை நம்புகிறவனுக்கு அதைக் கடவுள் இலவசமாகக் கொடுக்கிறார்! சொர்க்கத்தின் கதவே திறந்ததுபோல இருந்ததாம் அவருக்கு.

உடைந்த கண்ணாடி

ஒரு சிறுவன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டான். "போனால் போகட்டும்" என்று தகப்பன் சொன்னால் அது நியாயம் அல்ல. மகனை வீட்டைவிட்டுத் துரத்தினால் அது அன்பு அல்ல. நல்ல தகப்பன் என்ன செய்வான்? நஷ்டத்தைத் தானே கொடுத்துவிட்டு, மகனையும் வீட்டுக்கு அழைத்து வருவான்.

சிலுவையில் நடந்தது இதுதான் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். தீர்ப்பும் உண்டு. அதன் பாரத்தை இயேசுவே சுமந்தார்.

அப்படியானால் தவறு செய்துகொண்டே இருக்கலாமா? கூடாது. மரம் நல்லதானால் கனியும் நல்லதாகத்தானே இருக்கும்? மன்னிப்புப் பெற்றவனின் நடத்தையும் அப்படி மாறவேண்டும் என்றார் லூதர்.

பிரிவும் உடன்பாடும்

1521-ல் லூதரைக் கத்தோலிக்கத் திருச்சபை விலக்கியது. சபை இரண்டுபட்டது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் வாதம் நடந்தது.

1999-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூதரன் சபையாரும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டனர். வேறு கருத்து வேற்றுமைகள் இன்னும் உண்டு. ஆனால் மனிதனைக் கடவுள் ஏற்றுக்கொள்வது அவன் செய்த புண்ணியத்துக்குக் கூலியாக அல்ல, தமது கிருபையினால்தான் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

நீதிபதியின் முன் நடுங்கி நின்ற வாலிபர், அங்கே தந்தையைக் கண்டார்!